இரண்டாவது முழுக்கு

ஐப்பசி மாதத்து விடியற்காலையில் மாம்பழச் சாலையில் நின்று பார்த்தால் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் மொத்தம் எவ்வளவு பாவம் இருக்கிறது என்று ஒருவாறு கணக்கிட்டுவிடலாம். அம்மா மண்டபத்துப் படித்துறையை நோக்கி ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்து இறங்குகிறவர்கள், ஈர வேஷ்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள், சொம்புக் காவிரியைச் சிந்தாமல் எடுத்துப் போகிற பாட்டிமார்கள். துலா மாதத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டால் வருஷக் கணக்கு நேராகிவிடும் என்பது நம்பிக்கை. 1998-ஆம் வருஷம் என்று ஞாபகம். நானும் அப்படி ஒரு முழுக்கை உத்தேசித்துத் திருவானைக்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டேன். மாம்பழச் சாலை முனையில் பின் சக்கரம் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டுத் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

பக்கத்திலேயே ஒரு புங்க மரம். மரத்தின் கிளையில் ஒரு பழைய டயர் தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஊர்களில் பஞ்சர் கடைக்கு வேறு விளம்பரப் பலகை தேவையில்லை. தகரக் கொட்டகைக்குள் காற்று அடிக்கும் யந்திரம், சுவரில் வரிசையாக மாட்டிய டியூபுகள், ஒரு பாதி டிரம்மில் கறுத்த தண்ணீர். கடைக்காரருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எல்லாரும் 'மேஸ்திரி' என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என் நெற்றியைப் பார்த்து 'சாமி' என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் எங்களுக்குள் இந்த மரியாதை மாறவில்லை.

அன்றைக்கு அவர் டியூபை வெளியே எடுத்து, காற்று அடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைக் குத்தி வைத்தார். பிறகு சுரண்டினார், பசை தடவினார், காய வைத்தார், ஒட்டினார், சுத்தியலால் தட்டினார். முடிந்தது என்று நான் பையிலிருந்து பணத்தை எடுத்தேன். அவர் மறுபடியும் காற்றடித்து டியூபைத் தண்ணீருக்குள் போட்டார்.

"ஒட்டியாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு தரம் முழுக்காட்டறீங்க?" என்றேன். எனக்கு ஸ்நானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"முதல் முழுக்கு ஓட்டையைக் கண்டுபிடிக்கங்க சாமி. இது என்னைக் கண்டுபிடிக்க" என்றார்.

அந்த இரண்டாவது முழுக்கில், ஒட்டிய இடத்துக்கு நாலு விரற்கடை தள்ளி, ஊசி முனையளவுக்குக் குமிழிகள் கிளம்பின. முதலில் பெரிய ஓட்டை கொப்பளித்த கொப்பளிப்பில் இந்தச் சின்ன ஓட்டை மறைந்திருந்தது. நான் அவசரப்படுத்திய அவசரத்துக்கு அவர் இணங்கியிருந்தால் மறுநாள் காலை வேறெங்கேயோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். அவரைத் திட்டிக்கொண்டே தள்ளியிருப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று முதல் அந்தக் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும். மேஸ்திரியின் வேலையில் நான் முதலில் கவனித்தது அவருடைய விரல்கள். டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு, அதற்கு நேரான இடத்தில் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார். ஆணியென்றால் கண்ணுக்குத் தெரியும். கருவேல முள் அப்படியல்ல. அதன் உடல் வெளியே ஒடிந்து விழுந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். அதை எடுக்காமல் டியூபை ஒட்டி மாட்டினால் பத்து மைல் போவதற்குள் அதே இடத்தில் அது மறுபடியும் குத்தும். விரலைத் தடவுகிறபோதே முள் ஏறிவிடாமலும் இருக்க வேண்டும். தோல் தடித்த விரலுக்கு முள் தெரியாது, மெல்லிய விரலுக்கு ரத்தம் வரும். இரண்டுக்கும் நடுவிலே ஒரு பதம் இருக்கிறது. வீணை வாசிக்கிறவர்களுடைய விரலைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இந்த விரலைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அதற்கு அடுத்தது பொறுமை. பசையைத் தடவியவுடனே ஒட்டக்கூடாது. பசையிலுள்ள ஈரம் பறந்து, விரல் முதுகால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற சமயத்தில்தான் ஒட்டுத் துண்டை வைக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினாலும் அப்போதைக்கு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் ஓடிச் சூடேறினதும் விளிம்பு தூக்கிக்கொள்ளும். சுரண்டுவதும் அப்படித்தான். டியூபின் மேலிருக்கும் வழவழப்புப் போக அரத்தால் தேய்த்தால்தான் பசை பிடிக்கும். அதிகம் தேய்த்தால் அந்த இடமே மெலிந்துவிடும். கடைசியில் காற்று அடைக்கும் வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். இவ்வளவும் பதினைந்து நிமிஷ வேலை. இவ்வளவும் செய்யாமலே அதே வேலையை எட்டு நிமிஷத்தில் முடித்து, அதே கூலியை வாங்கிக்கொள்ளலாம். டயரைப் பூட்டிவிட்டால் உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது.

இங்கேதான் எனக்கு ஒரு விசாரம் பிறந்தது. என் தொழிலில் ஓட்டை விழுந்தால் ஊர் முழுவதும் பார்க்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் இறந்துபோன மாமா ஏழாவது அத்தியாயத்தில் காபி சாப்பிட்டால், அடுத்த வாரமே நாற்பது கடிதங்கள் வந்துவிடும். தையற்காரரின் கோணல் தையலை நாம் உடம்பிலேயே போட்டுக்கொண்டு பார்க்கிறோம். சமையற்காரரின் உப்பு நாக்கில் தெரிகிறது. ஆனால் பஞ்சர் ஒட்டுகிறவருடைய வேலை, செய்து முடித்த க்ஷணத்திலேயே மறைந்துவிடுகிறது. நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் வெளித் தோற்றம் ஒன்றே. வித்தியாசம் தெரியும்போது வண்டிக்காரர் வெகு தூரத்தில் இருப்பார். அநேகமாக வேறு ஒரு முள்ளின் மேல் பழி விழுந்திருக்கும். பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில், பார்த்தாலும் புரிந்துகொள்ளத் தெரியாதவர்களுக்காக, ஒருவர் எதற்காக இரண்டாவது முழுக்குப் போடுகிறார்?

இந்தச் சங்கடமெல்லாம் சக்கரத்துக்குள்ளே காற்றை அடைத்ததால் வந்தது. கட்டை வண்டிச் சக்கரத்துக்குப் பஞ்சர் கிடையாது. 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கும் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தும் கடனாளியாகவே 1860-இல் காலமானார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் தம் பையனின் மூன்று சக்கர வண்டி கல்லுச் சாலையில் அதிர்கிறதே என்று ரப்பர் குழாய்க்குள் காற்றை அடைத்துக் கட்டிக் கொடுத்தார். அப்போதெல்லாம் டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். ஒரு முள் குத்தினால் பிரித்துச் சரி செய்ய மணிக்கணக்காகும், காய ஒரு ராத்திரி வேண்டும். பிரான்சிலிருந்த மிஷ்லின் சகோதரர்கள் 1891-இல் கழற்றி மாட்டக்கூடிய ஸைக்கிள் டயரைச் செய்த பிறகுதான் பஞ்சர் ஒட்டுவது தெரு ஓரத்தில் நடக்கிற தொழிலாயிற்று. பஞ்சர் கடையின் குலமுறையை எழுதுவதானால் இவர்களுக்கு முதல் தாம்பூலம் கொடுக்க வேண்டும்.

தொழில் பிறந்ததோடு கூடவே ஒரு சந்தேகமும் பிறந்தது. 'கடைக்காரனே ராத்திரியில் ரோட்டிலே ஆணியைப் போட்டு வைக்கிறான்' என்று சொல்லாத ஊர் உண்டா? எங்கேயாவது யாராவது செய்திருக்கவும் கூடும். முன் காலத்தில் அதற்கு அவசியமே இருந்திருக்காது. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகளே போதுமானவை. மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் ஓடிய சாலைகளில் ஆணி பொறுக்குவதற்கென்றே காந்தம் கட்டிய ஒரு வண்டியை விட்டிருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேஸ்திரியிடம் நான் இதைக் கேட்டேன். பிறத்தியாருக்குக் கஷ்டம் வந்தால்தான் உங்களுக்குச் சாப்பாடு, அது மனசை உறுத்தாதா என்று.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டருக்கு மட்டும் என்ன சாமி?" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

எனக்கு மகாபாரதத்தில் வரும் தர்மவியாதரின் கதை ஞாபகம் வந்தது. மிதிலைக் கடைத் தெருவில் இறைச்சி விற்கிறவரிடம், தவம் செய்த பிராமணர் ஒருவர் போய்த் தர்மம் கேட்டுக்கொள்கிறார். அழகான கதை. ஆனால் அது என்னை ஒரு நாளும் முழுவதும் சமாதானப்படுத்தியதில்லை. அவரவர் குலத் தொழிலை அவரவர் செய்தால் போதும் என்று அந்தக் கதையிலிருந்து சாறு பிழிந்து பலர் சௌகரியமாகக் குடித்திருக்கிறார்கள். மேஸ்திரி ஒன்றும் குலத் தொழிலாக இதைச் செய்யவில்லை. அரியமங்கலம் பக்கத்தில் ஒரு லாரி டயர்க் கடையில் பதினாறு வயதில் சேர்ந்தார். சோற்றுக்கு வேறு வழி இல்லாததால் சேர்ந்தார். தர்மம் இருந்தால் அது தொழிலில் இல்லை. அந்த இரண்டாவது முழுக்கில் இருக்கிறது.

லாரிச் சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காருக்கு முப்பது முப்பத்தைந்து பவுண்டு காற்றுப் போதும். லாரிக்கு நூறு பவுண்டுக்கு மேல். பழைய மாதிரிச் சக்கரங்களில் டயரை ஒரு தனி இரும்பு வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று ஏறுகிறபோது அந்த வளையம் தன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லையென்றால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். எதிரில் குனிந்திருக்கிற மனிதருக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. அதனால் சங்கிலி போட்டுச் சுற்றிக் கட்டுவார்கள், அல்லது கூண்டுக்குள் வைப்பார்கள், இரண்டும் இல்லாத கடையில் வளையம் இருக்கும் பக்கத்தைத் தரைக்குத் திருப்பி வைப்பார்கள். மேஸ்திரியின் இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு. "அன்னிக்குச் சங்கிலி எடுத்து வர சோம்பல் பட்டேன்" என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதற்குக் காரணம் அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையில்லை என்பதுதான்.

2004-ஆம் வருஷம், வைகாசி. புதுக்கோட்டையில் உறவில் ஒரு கல்யாணம். மாலையில் மாப்பிள்ளை அழைப்பு; நாங்கள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். என்னிடம் அப்போது ஒரு பழைய கார் இருந்தது. நான் ஓட்டினேன். என் மனைவி, என் தங்கை, தங்கையின் இரண்டு குழந்தைகள். சின்னவன் முன் ஸீட்டில்தான் உட்காருவேன் என்று அழுது சாதித்திருந்தான். டிக்கி நிறையச் சீர் வரிசைத் தட்டுகளும் பாத்திரங்களும். மாம்பழச் சாலைக்கு வந்தபோது முன் சக்கரம் ஒன்றில் காற்று இறங்கியிருப்பது தெரிந்து மேஸ்திரி கடையில் நிறுத்தினேன்.

அவர் சக்கரத்தைக் கழற்றினார். டியூபில் ஒரு சிறிய ஓட்டை. அது பெரிய காரியமில்லை. ஆனால் டயரின் பக்கவாட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. அதை விரலால் விரித்துக் காட்டினார். உள்ளே நூல் தெரிந்தது. டயருக்குப் பலம் ரப்பரில் இல்லை, அந்த நூலில்தான் இருக்கிறது. தரையில் படுகிற பாகத்தில் ஓட்டை விழுந்தால் ஒட்டலாம். பக்கவாட்டு, சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிற இடம், அங்கே எந்த ஒட்டும் நிற்காது. மடங்க மடங்கச் சூடேறும். வெயில் வேறு.

"இதை மாட்டி முன்னாலே ஓட்டக் கூடாது சாமி. ஸ்டெப்னியை எடுங்க, மாத்தித் தந்துடறேன்" என்றார்.

ஸ்டெப்னி டிக்கியின் அடியில் இருந்தது. அதன் மேல் அவ்வளவு பாத்திரமும். எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும். மணி இரண்டரை. நான் சொன்னேன்: "டியூபை மட்டும் ஒட்டிக் கொடுங்கோ. புதுக்கோட்டை என்ன, 50 கிலோமீட்டர். மெதுவாப் போயிடறேன்."

"நான் ஒட்டிப் பூட்ட மாட்டேங்க."

வாதாடினேன். கூலியை அதிகமாகத் தருகிறேன் என்றும் சொன்னேன்; அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. அவர் டியூபை அப்படியே வைத்துப் பூட்டி, காற்றை மட்டும் அடித்துவிட்டு, "இதுக்குக் காசு வேணாம்" என்றார். சின்ன ஓட்டையானதால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். நான் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போய் வேறொரு கடையில் நிறுத்தினேன். அங்கே ஒரு பையன் ஒன்றும் கேட்காமல் பதினைந்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தான். வெட்டு இருந்த பக்கத்தை அவன் பார்த்தானோ என்னவோ, நான் காட்டவில்லை. அங்கிருந்து புறப்படும்போது தங்கை, முன்னாலிருந்த சின்னவனைப் பின்னால் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். முன் பக்கம் வெயில் அடிக்கிறது, அதற்காக என்று நினைத்தேன்.

புதுக்கோட்டைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் பத்திரமாகத் திரும்பினோம். ஒன்றும் ஆகவில்லை. அந்த டயர் அதற்கப்புறமும் இரண்டு மாதம் ஓடியது. இதில் ஒரு பெரிய விபத்தை எதிர்பார்த்த வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு அப்போது கர்வம் வந்தது. அடுத்த வாரமே மேஸ்திரி கடைக்குப் போய், "என்ன மேஸ்திரி, நீங்க பயமுறுத்தினீங்களே, ஜம்னு போயிட்டு வந்துட்டோமே!" என்றேன்.

அவர் ஒரு டயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஒண்ணும் ஆகல்லேன்னா நல்லதுதானுங்களே. அதுக்காக நான் சொன்னது தப்புன்னு ஆயிடுமா?" என்றார்.

பல வருஷங்களாக என்னை இந்தக் கேள்வி விடவில்லை. தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார். 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் இதே சிக்கலைத்தான் எடுத்து விவாதித்தார்கள் என்றார். நேகல் ஒரு லாரி டிரைவரை உதாரணம் சொல்கிறாராம். அவன் பிரேக்கைச் சோதிக்காமல் அசட்டையாக வண்டி எடுக்கிறான். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து அடிபட்டுவிட்டால் ஆயுள் முழுவதும் தன்னைத் தானே நொந்துகொள்கிறான். குழந்தை வரவில்லையென்றால் அதே அசட்டை ஒரு சிறு தப்பாகவே போய்விடுகிறது. குழந்தை வருவதும் வராததும் அவன் கையில் இல்லை. அப்படியானால் இருவருடைய குற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? "ஒன்றும் இல்லை என்று புத்தி சொல்கிறது. உலகம் ஒத்துக்கொள்வதில்லை" என்றார் நண்பர். அவரோடு நான் ஒரு பகல் முழுவதும் வாதாடினேன். மேஸ்திரி மறுத்ததால் என்ன பிரயோஜனம், அடுத்த கடையில் ஒட்டிக்கொண்டுதானே போனேன்; அவருக்கு நஷ்டமானது ஒரு கூலி, மிச்சமானது தம் கை சுத்தம் என்ற திருப்தி மட்டும், இதுவும் ஒரு வகைச் சுயநலமில்லையா என்றெல்லாம் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது, நான் மேஸ்திரிக்கு எதிராக வாதாடவில்லை, எனக்காக வக்காலத்துப் பேசுகிறேன் என்று.

மேஸ்திரியின் மறுப்பு வெறும் விதியின் மேல் நின்றதல்ல என்பதைச் சில வருஷங்கள் கழித்துத்தான் பார்த்தேன். காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு 'குட்டியானை' வந்து நின்றது. பின் டயரில் என் காரில் இருந்ததைப் போலவே ஒரு வெட்டு. ஓட்டி வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வேறு டயர் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. சரக்கு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அன்றைய வாடகை போயிற்று. மேஸ்திரி அவனைத் திட்டினார். கொட்டகைக்குப் பின்னால் போய்த் தேடி, தேய்ந்ததானாலும் உடம்பு சரியாக இருந்த ஒரு பழைய டயரை எடுத்து வந்து மாட்டினார். "மார்க்கெட்டுக்குப் போ, இறக்கிட்டு நேரா இங்கே வா. பாலத்திலே யாரையும் முந்தாதே" என்று சொல்லி அனுப்பினார். டயருக்குக் காசு வாங்கவில்லை. அவன் திரும்பி வந்தானா என்று பிறகு கேட்டேன். "ரெண்டு நாள் களிச்சு வந்தான்" என்றார்.

"அவனுக்கு இவ்வளவு செய்தீங்க. அன்னிக்கு எனக்கு மட்டும் முடியாதுன்னு சொல்லிட்டீங்களே?" என்றேன், பாதி விளையாட்டாக.

"உங்க வண்டியிலே ஸ்டெப்னி இருந்துச்சுங்களே சாமி."

சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் வரும்போது எல்லாரும் மேலே பார்க்கிறோம். வடம் பிடிக்கிறவர்களின் ஆரவாரம் வானத்தைப் பிளக்கிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ஓடிவருகிற சிலரை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் கையில் முட்டுக்கட்டை. ஆயிரம் பேர் இழுக்கிற தேரை, தெரு முனையில், சரியான க்ஷணத்தில் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்து நிறுத்துகிறவர்கள் அவர்கள். திருவாரூர்த் தேருக்கு நம் திருச்சி பெல் தொழிற்சாலையார் ஹைட்ராலிக் பிரேக் செய்து பொருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் முட்டுக்கட்டை போய்விடவில்லை. தமிழில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது வசவாகிவிட்டதுதான் வேடிக்கை. காரியத்தைக் கெடுக்கிறவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம். தேரின் கீழே கட்டை போடுகிறவர் ஒரு நாள் லீவு போட்டால் அப்போது தெரியும், காரியத்தைக் கெடுக்கிறவர் யாரென்று.

1976-இல் திறந்த நம் காவிரிப் பாலத்துக்கும் இதே கதிதான். 2022-ஆம் வருஷக் கடைசியில் அதை மூடிப் பராமரிப்பு வேலை செய்தார்கள். தூண்களுக்கும் மேல் தளத்துக்கும் நடுவிலுள்ள தாங்கிகளை மாற்ற வேண்டியிருந்தது, இணைப்புகள் தேய்ந்திருந்தன. 2023 மார்ச்சில் திறக்கிற வரையில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சுற்றிக்கொண்டு போனவர்கள் இஞ்சினீயர்களைச் சபித்த சாபத்துக்கு அளவில்லை. "நன்றாய்த்தானே இருந்தது, எதற்கு மூடுகிறார்கள்?" என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். பஸ்ஸில் அப்படிக் கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்து, 2004-ஐ நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்று மேஸ்திரியின் பிள்ளைதான் கடையில் இருக்கிறான். டியூபே இல்லாத டயர்கள் பெருகிவிட்டன. சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ஊசியால் குடைந்து, பசை தோய்த்த திரி ஒன்றைச் சொருகி நுனியை வெட்டிவிட்டால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. டயரைக் கழற்றி உள்ளேயிருந்து ஒட்டுவதுதான் நெடு நாள் நிற்கும் என்று அவன் வருகிறவர்களிடம் சொல்கிறான். பத்துப் பேரில் ஒருவர் கேட்டால் அதிகம். பாதி டிரம் ஓரமாகக் கிடக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சோப்புத் தண்ணீர். திரியைச் சொருகியதும் அதை ஒரு தரம் தெளிக்கிறான். காற்றடித்துவிட்டு இன்னொரு தரம் தெளிக்கிறான். பெரியவர் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை என்கிறார். ஆனாலும் பையன் இரண்டாம் தரம் தெளிக்கிற சத்தம் கேட்டால்தான் பேச்சைத் தொடர்கிறார்.

சென்ற ஐப்பசியில் என் தங்கை துலா ஸ்நானத்துக்கென்று வந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அன்று அழுது முன் ஸீட்டில் உட்கார்ந்த சின்னவன் இப்போது பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். கடையைத் தாண்டிப் படித்துறைக்கு நடந்து போனபோது, அந்தப் பழைய விஷயத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மேஸ்திரி தடுத்ததும், நான் வேறு கடைக்குப் போனதும், பாத்திரத்தை இறக்கச் சோம்பல் பட்டு அவர்கள் எல்லாருடைய உயிரையும் ஒரு நூலில் வைத்து ஓட்டிக்கொண்டு போனதும், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாததும், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் படியில் உட்கார்ந்து மஞ்சளை இழைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அண்ணா" என்றாள். "கண்ணாடியை இறக்கித்தானே வெச்சிருந்தது. அவர் சொன்னது அத்தனையும் கேட்டுது."

"பின்னே ஏன் ஒண்ணும் சொல்லல்லே?"

"நீ ஓட்டறே. உனக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன். குழந்தையை மட்டும் பின்னாலே இழுத்துண்டேன். புதுக்கோட்டை வர வரைக்கும் அவன் கையை விடல்லே."

மஞ்சளை முகத்தில் தடவிக்கொண்டு அவள் ஜலத்தில் இறங்கினாள்.